கானகத்தின் உரிமை யாருக்கு?

பறவைகளைப் பார்த்து வருவதற்கென்றே ஒருவர் நூறு கல் தொலைவு பயணம் செய்வாராயின், அதனை நம் முன்னோர் எவ்வாறு கருதியிருப்பார்கள்? வேட்டைக்குச் செல்வோரை அவர்கள் அறிவர். தேனெடுக்கவும் மூங்கில் வெட்டவும் காடேறுவோரையும் அறிவர். ஒன்றையும் பிடிக்காமல், ஒன்றையும் கொண்டுவராமல், கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புகிற மனிதரை அவர்கள் அறியார். இன்று அந்தியூரிலிருந்து வடக்கே பர்கூர் மலைக்கு ஏறும் சாலையில் விடுமுறை நாட்களின் வைகறையில் இத்தகைய அன்பர்களைக் காணலாம். கழுத்தில் தொலைநோக்கி தொங்கும். கையில் படம் பிடிக்கும் கருவி இருக்கும்.

நம்மிடம் ஓதிய மாணவர்கள் சிலரும் இக்கூட்டத்தில் சேர்ந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இது பொழுதை வீணாக்கும் செயலா, நன்மை தரும் செயலா?" அவருடைய நண்பர் அதைவிடக் கடினமான வேறொன்றைக் கேட்டார்: "பார்ப்பதற்கு எங்களை உள்ளே விடுகிறார்கள், தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ப்பவரை வெளியே நிற்கச் சொல்கிறார்கள். இது நீதியா?" முதற்கேள்விக்கு விடை கூறுதல் எளிது. இரண்டாவது கேள்விதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அந்தியூர் என்றதும் வெளியூர் வாசகர்களுக்கு வெற்றிலையும், ஆடி மாதத்துக் குருநாதசாமி கோயில் விழாவில் கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் நினைவுக்கு வரும். ஊரைக் கடந்து வடக்கே சென்றால் மலையடிவாரத்தில் வரட்டுப்பள்ளம் அணை. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து மேலேறுகிறது. தாமரைக்கரை, பர்கூர் ஆகிய மலையூர்களைத் தாண்டிக் கர்கேகண்டி வரை தமிழகம். அதற்கப்பால் கன்னட நாடு. வீரப்பன் நடமாடிய காலத்தில் இச்சாலையில் அஞ்சியஞ்சிப் பயணம் செய்தோர் பலர். 2004ஆம் ஆண்டு அந்த அத்தியாயம் முடிந்தது. அதன் பிறகே பறவை பார்ப்போரின் வரவு பெருகிற்று.

சென்ற மாசி மாதத்தில் அம்மாணவர்கள் நம்மையும் ஒரு ஜீப்பில் ஏற்றிச் சென்றார்கள். அணையின் நீர்ப்பரப்பில் நீர்க்காகங்கள் சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தன. மலைச் சாலையில் ஒரு வளைவில் கொண்டலாத்தி ஒன்று நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. திருமறையில் ஸுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் பறவை அதுவே என்று நாம் கூறியபோது இளைஞர்களுக்கு ஒரே வியப்பு. இத்தனை ஆண்டுகள் ஓதியும் அப்பறவை தம் ஊர் மலையில் இருப்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. சற்று அப்பால் முட்புதரின் உச்சியில் ஒரு கீச்சான் அமர்ந்திருந்தது. அரபியில் அதனை 'ஸுரத்' என்பர். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கையும் கொல்லலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் உண்டு. அந்நான்கில் இரண்டை ஒரே கல் தொலைவுக்குள் கண்டோம்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். அரபியில் 'இப்ரத்' என்றொரு சொல் இருக்கிறது. படிப்பினை என்று அதனை மொழிபெயர்க்கிறோம். அதன் வேர்ச்சொல்லுக்குக் கடத்தல் என்பது பொருள். ஆற்றைக் கடப்பவனையும் வழிப்போக்கனையும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லால் அழைப்பர். எனவே கண்ட பொருளில் நின்றுவிடாமல் அதனைக் கடந்து அதன் உட்பொருளைச் சேர்தலே இப்ரத். பறவைகள் வானில் சிறகை விரிப்பதையும் மடக்குவதையும் பார்க்கவில்லையா என்று திருமறை வினவுவது வேடிக்கை பார்க்கச் சொல்வதற்காக அன்று. நம் தமிழிலும் 'பார்த்தல்' வேறு, 'நோக்குதல்' வேறு. நோக்கில் ஒரு நோக்கம் இருக்கிறது.

இந்த நோக்கு நம் அறிஞர்களிடம் இருந்தது. பஸராவில் வாழ்ந்த ஜாஹிழ் (ஹிஜ்ரி 255இல் மறைந்தவர்) ஏழு பாகங்களில் விலங்குகளைப் பற்றி நூல் செய்தார். எகிப்தின் தமீரீ இயற்றிய 'ஹயாத்துல் ஹயவான்' அகர வரிசையில் ஒவ்வோர் உயிரின் பெயர், இயல்பு, அதைப் பற்றிய பழமொழி, அதனை உண்ணலாமா கூடாதா என்னும் சட்டம் அனைத்தையும் தொகுத்துத் தருகிறது. நம் மத்ரஸாக்களின் அலமாரிகளில் அந்நூலைக் காணலாம். அதனை எடுத்துப் புரட்டுவோர்தாம் அருகிவிட்டனர்.

உண்ணலாமா கூடாதா என்ற ஐயம் ஒரு சிறுவனைப் பேரறிஞனாக்கிய வரலாறும் நம் நாட்டில் உண்டு. 1896இல் பம்பாயில் பிறந்த ஸாலிம் அலி சிறுவராயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமாகக் காணும் சிட்டன்று. இதனை ஒரு முஸ்லிம் உண்ணலாமோ கூடாதோ என்ற தயக்கம் எழுந்தது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்கும் விளங்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே அப்பறவையின் பெயரையும், வரிசை வரிசையாய்ப் பாதுகாக்கப்பட்ட பிற பறவைகளையும் சிறுவர் கண்டார். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941இல் வெளிவந்தது. 1987இல் அவர் மறைந்தார். 1990இல் அவர் பெயரால் நம் கோவையில் நிறுவப்பெற்ற பறவையியல் ஆய்வு மையம் ஆனைகட்டியில் இருக்கிறது. ஹலாலைப் பற்றிய ஒரு தயக்கம் இவ்வளவு தூரம் கொண்டுசென்றது. கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கும் பெற்றோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே பறவை பார்த்தல் வீணன்று. ஆனால் பார்க்கிறவன் காட்டுக்குத் தொல்லை செய்யாதிருக்க வேண்டும். மலைச் சாலையின் ஓரங்களில் குரங்குகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. வண்டியில் செல்வோர் தின்றது போக எஞ்சிய பண்டத்தை எறிகிறார்கள். அதனைக் கருணை என்று எண்ணுகிறார்கள். குளிரில் மயில் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையை அதற்களித்த பேகனைத் தமிழர் வள்ளல்கள் எழுவருள் ஒருவனாக வைத்துப் போற்றினர். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்கத் தோன்றும். பேகன் கொடுத்தது தன் தோளில் கிடந்ததை. தனக்கு வேண்டியதைக் கொடுத்தான். இவர்கள் எறிவதோ தமக்கு வேண்டாததை. அதற்காகக் காத்துப் பழகிய குரங்கு காட்டில் இரை தேடுவதை விட்டுச் சாலைக்கு வந்து சக்கரத்தில் சிக்கி மாள்கிறது. (இப்பொழுதெல்லாம் கொங்கு நாட்டுச் சமவெளியில் மயில்கள் பெருகி வெள்ளாமையைத் தின்பதால் உழவர்கள் பேகனை அவ்வளவு வாழ்த்துவதில்லை என்பது வேறு கதை.)

இரண்டாவது கேள்வி பெரிது. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் நம்மேல் உரிமை உண்டா என்பதில் நமக்கு ஐயமில்லை. நிலத்தில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறையின் கூற்று. குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்து வட்டமிட்ட தாய்ப்பறவையைக் கண்ட பெருமானார் (ஸல்), அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்), கால்நடைகளுக்கு மனிதன் செய்யவேண்டிய கடமைகளை உரிமைகளாகவே எழுதி வைத்தார். முதுமையாலும் நோயாலும் பயனற்றுப் போன விலங்குக்கும் தீனி கொடுத்தாக வேண்டும். தாங்க மாட்டாத சுமையை ஏற்றலாகாது. அதன் கண்முன்னே அதன் குட்டியை அறுக்கலாகாது. பயனற்றுப் போன பின்னரும் உரிமை நீங்குவதில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நமக்குப் பயன்படுவதால் மட்டும் ஓர் உயிர் மதிப்புப் பெறுவதில்லை.

ஆகவே காட்டைக் காக்க அரசு வேலியிடுவதை நாம் எதிர்க்கவில்லை. மதீனாவைச் சுற்றிலும் வேட்டையாடவும் மரம் வெட்டவும் கூடாதென எல்லை வகுக்கப்பட்ட மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அதனை எதிர்க்கவும் முடியாது.

பர்கூரில் நிகழ்ந்திருப்பதைப் பாருங்கள். அம்மலைக்கு உரிய மாட்டினம் ஒன்று உண்டு. செந்நிற உடலில் வெண்திட்டுகள். பர்கூர் செம்மறை என்பர். ஒல்லியான உடல், உறுதியான கால்கள், சற்று முரட்டுக் குணம். இம்மாடுகளைக் காட்டிலேயே பட்டியடைத்து, அங்கேயே மேய்த்து வளர்ப்பது அம்மலையின் லிங்காயத்து மக்களுடைய பழைய வழக்கம். சோளகர்களும் அம்மலைகளின் பழங்குடியினர். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. 2024இல் அந்தியூர், கோபி வட்டங்களின் காடுகளில் 80,567 ஹெக்டேர் பரப்பு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் பதினெட்டாவது சரணாலயம் அது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் கன்னட நாட்டு மாதேசுவரன் மலைக் காடுகளையும் இணைக்கும் யானை வழி அது என்பதால் அறிவிப்புக்குத் தக்க காரணமும் உண்டு. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படித்த பட்டிக்காரர்களுக்கு உறக்கம் போயிற்று.

தாமரைக்கரைக்கு அருகில் தேநீர்க் கடையொன்றில் ஒரு முதியவர் நம்மோடு பேசினார். வீட்டில் கன்னடம் பேசுபவர். நம்மிடம் அந்தியூர்த் தமிழில் பேசினார். "ஏனுங்க பாய், வண்டியில வாறவங்களுக்குக் காட்டுக்குள்ள வழி இருக்குதுங்க. நடந்து போற எங்க மாட்டுக்குத்தான் வழி இல்லீங்களா?" என்றார். நம்முடன் வந்த இளைஞர்கள் தேநீரைக் கையில் வைத்தபடி மௌனமாயினர்.

இக்கேள்வி புதியதன்று. இஸ்லாத்திற்கு முன் அரபு நாட்டில் செல்வாக்குள்ள தலைவன் ஒருவன் பசுமையான இடத்தைக் கண்டால் உயரமான இடத்தில் தன் நாயைக் குரைக்கச் செய்வானாம். குரைப்பொலி எதுவரை கேட்கிறதோ அதுவரை அவனுடைய காப்பு நிலம். அங்கே பிறர் மேய்க்கலாகாது. 'ஹிமா' என்பது அதன் பெயர். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியதன்றி வேறு ஹிமா இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததன் மூலம் அவ்வழக்கம் ஒழிந்தது. பொதுநலனுக்காக ஒரு நிலத்தைக் காப்பது மட்டும் எஞ்சி நின்றது.

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது ரபதா என்னும் இடத்தையும் ஷரஃபையும் அவ்வாறு காப்பு நிலமாக்கினார்கள். அறப்போருக்குரிய ஒட்டகங்களும் குதிரைகளும் மேய்வதற்காக. காவலுக்கு ஹுனை என்ற தம் விடுதலை பெற்ற அடிமையை நியமித்து அவர்கள் சொன்ன புத்திமதி புகாரீ கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. அதன் கருத்தை நம் சொற்களில் தருகிறோம். மக்களிடம் பணிவாக நடந்துகொள். அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சு. சில ஒட்டகங்களே உள்ளவனையும், சிறிய ஆட்டுமந்தை உள்ளவனையும் உள்ளே விடு. ஆனால் இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விட்டுவிடாதே. அவர்களுடைய கால்நடைகள் மடிந்தால் பேரீச்சந் தோப்புக்கும் வயலுக்கும் அவர்கள் திரும்பிக் கொள்ளலாம். ஏழையின் சிறு மந்தை மடிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வருவான். அப்பொழுது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்பொழுது புல்லும் நீரும் கொடுப்பது நமக்கு எளிது.

யாருடைய பெயர்களை அவர்கள் கூறினார்கள் என்பதைப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பானும் (ரலி) சுவர்க்கத்தின் நன்மாராயம் பெற்ற பதின்மரில் இருவர். அவர்களுடைய சிறப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும் புல்லின்மேல் அவர்களுக்கு முன்னுரிமை தரவில்லை. வேலியை எவருக்குத் திறப்பது, எவருக்கு மூடுவது என்பதற்கு உமர் (ரலி) வைத்த அளவுகோல் ஒன்றே: இழந்தால் திரும்பிச் செல்ல வேறிடம் உள்ளவன் யார், இல்லாதவன் யார்?

அதே உரையில் மற்றொன்றும் இருக்கிறது. நாம் தங்களுக்கு அநீதி செய்துவிட்டதாக அம்மக்கள் கருதுவார்கள். அது அவர்களுடைய நிலம். அதற்காகவே அவர்கள் அறியாமைக் காலத்தில் போரிட்டார்கள், அந்நிலத்தில் இருந்தபடியே இஸ்லாத்தை ஏற்றார்கள் என்று கலீஃபா ஒப்புக்கொள்கிறார்கள். அந்தப் பொதுத்தேவை மட்டும் இல்லாவிட்டால் ஒரு சாண் நிலத்தையும் எடுத்திருக்க மாட்டேன் என்று ஆணையிடுகிறார்கள். வேலி போடுகிறவர் வேலிக்கு வெளியே நிற்பவரின் உரிமையை மறுக்கவில்லை. நம் காலத்து அறிவிப்பாணைகளில் அந்த ஒரு வாக்கியத்தைத் தேடுகிறோம்.

இந்தக் கருத்தை இன்றைய காட்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியுமா என்று ஓர் அன்பர் கேட்கலாம். நியாயமான தடை அது. ஹுனை காத்த நிலத்தில் ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும்தான் போட்டி. பர்கூரில் யானையும் காட்டு மாடும் மானும் இருக்கின்றன. வீட்டு மாட்டின் நோய் காட்டு மாட்டுக்குத் தொற்றும். அளவு மீறி மேய்ந்தால் புல் அழிந்து உண்ணிச் செடி படரும். சமவெளிச் செல்வர்கள் தம் மாடுகளைக் கூலிக்கு மலையில் விடுவதும் வழக்கத்தில் உண்டு. அவை இப்னு அவ்ஃபின் மந்தையைச் சேர்ந்தவை என்றே கொள்ளலாம். இவை எல்லாம் உண்மை. ஆயினும் மேய்ச்சல் என்றால் காட்டுக்குக் கேடு என்று ஆராயாமல் முடிவு கட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பரத்பூர் சாட்சி.

இராசத்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலதேவ் பறவைப் புகலிடம் உலகப் புகழ் பெற்றது. 1982இல் அங்கே எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தடை வேண்டும் என்று கூறிய அறிஞர்களில் ஸாலிம் அலியும் ஒருவர். கிராமத்தார் கிளர்ந்தனர், காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பின் நடந்ததே வேடிக்கை. எருமைகள் நின்றதும் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று. நீரில் இரை தேடும் பறவைகளுக்கு இடம் குறுகிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே பல்லாண்டுகள் ஆராய்ந்து, மேய்ச்சலை அடியோடு நிறுத்தியது அந்த நீர்நிலைக்கு நன்மை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அவ்வாராய்ச்சியை முன்னின்று நடத்திய வி.எஸ். விஜயனே பின்னர் நம் கோவை ஆய்வு மையத்தின் முதல் இயக்குநரானார். தங்கள் கழகத்தார் ஆதரித்த தடையே தவறாயிருக்கக் கண்டு அதனை வெளிப்படையாக எழுதிய அறிஞர்களின் நேர்மை பாராட்டுக்குரியது. ஆனால் அந்த உண்மை எருமை மேய்ப்பவர்களிடம் முதலிலேயே இருந்தது. அவர்களைக் கேட்பார் இல்லை.

இவ்விடத்தில் ஹுத்ஹுத் பறவையை மீண்டும் நினைக்கிறோம். ஜின்களையும் காற்றையும் ஏவல் கொண்ட பேரரசரின் முன்னிலையில், தாங்கள் அறியாத ஒன்றை நான் அறிந்து வந்திருக்கிறேன் என்று கூற அச்சிறு பறவைக்குத் துணிவு இருந்தது. அரசர் சினக்கவில்லை. அப்படியே நம்பிவிடவும் இல்லை. நீ சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்போம் எனக் கூறிக் கடிதம் கொடுத்தனுப்பினார். கேட்டல், பிறகு சோதித்தல் என்னும் இரண்டும் அதில் இருக்கின்றன. பட்டிக்காரர் சொல்வதெல்லாம் உண்மை என்று நாம் கூறவில்லை. மாடுகள் மேய்ந்த இடத்தில் காட்டுத்தீ பரவாது என்கிறார் அவர். சாணத்தை நாடி வரும் வண்டுகளைத் தின்னப் பறவைகள் வரும் என்கிறார். மெய்யா என்று சோதிக்கட்டும். சில பட்டிகளை விட்டுவைத்தும் சிலவற்றை நிறுத்தியும் சில ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பர்கூரிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனைகட்டியில் பறவையியலார் இருக்கின்றனர். இருவரும் ஒரே பட்டியில் சந்திப்பதற்குத் தடை என்ன?

பிணந்தின்னிக் கழுகுகளின் கதியும் இதனையே சொல்கிறது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அம்மாடு இறந்தபின் அதனைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாய் அவற்றை மாய்த்தது. காரணம் 2004இல் கண்டறியப்பட்டது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. தென்னாட்டில் எஞ்சியுள்ள கழுகுகளுக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஒரு முக்கியப் புகலிடம். மாட்டை வளர்ப்பவன் தன் தொழுவத்தில் செய்வது வானத்துப் பறவையைச் சென்று சேர்கிறது. அவனைக் காட்டின் பகைவனாக்கிவிட்டுக் கழுகைக் காப்பது எப்படி?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைக் கோரிப் பெறும் வழியைக் கிராம சபைக்கே தந்திருக்கிறது. எத்தனை பட்டிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மாடுகள், அவற்றுள் மலையாருடையவை எவை, சமவெளிச் செல்வருடையவை எவை என்ற கணக்கு அதற்கு வேண்டும். தேநீர்க் கடை முதியவர் அதனைச் சொல்லச் சித்தமாயிருக்கிறார். எழுதத்தான் ஆளில்லை என்றார். அடுத்த மாதம் மீண்டும் மலையேற நம் இளைஞர்கள் திட்டமிட்டுள்ளனர். பறவைக் குறிப்பேட்டோடு வேறொரு குறிப்பேடும் வாங்கியிருப்பதாக அவர்களில் ஒருவர் நமக்குச் சொல்லியனுப்பினார்.